ஆழ்நீர் மூழ்குவோரின் துணைக்கருவிகள்: தேர்வும் சுமக்கும் முறையும்

நெய்யாறு அகத்திய மலைப்பகுதியில் தோன்றி, நெய்யாற்றங்கரை, அமரவிளை ஆகிய ஊர்களைக் கடந்து, பூவாறு என்னும் ஊரின் அருகே அரபிக் கடலில் கலக்கின்றது. அம்முகத்துவாரத்துக்கு வடமேற்கே விழிஞமும், தென்கிழக்கே பொழியூரும், அதற்கும் அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலும் அமைந்துள்ளன. இக்கடற்கரையில் நீருள் மறைந்து கிடக்கும் பாறைகளில் பழுப்பு நிறச் சிப்பி அடர்ந்து வளர்கின்றது. மூச்சடக்கி மூழ்கி இதனைப் பெயர்த்தெடுக்கும் தொழில் இங்கு நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. இத்தொழிலாளர் தம்முடன் கொண்டுசெல்லும் பொருள்கள் மிகச் சிலவே. சிப்பியைப் பெயர்க்க ஓர் இரும்புளி, பெயர்த்தவற்றை இட இடுப்பில் ஒரு வலைப்பை, பார்வை தெளிவாக இருக்க ஒரு முகக்கண்ணாடி ஆகியவையே அவை. ஒரே மூச்சில் வேலையை முடித்து மேலேற வேண்டியவர்க்கு வேறெதுவும் வீண் சுமையாகும்.

முற்காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோரின் முறையும் இத்தகையதே. விரைவாக அடிமட்டம் அடைவதற்கு ஒரு கல், சிப்பியை நிரப்ப ஒரு வலைப்பை, இவற்றை மேலே இழுக்கக் கயிறுகள், அக்கயிறுகளைத் தோணியில் இருந்தவாறே பற்றிக்கொண்டிருக்க ஓர் உதவியாளர் என்ற அளவில் அவர்களுடைய தேவைகள் அடங்கின.

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான ழாக் கூஸ்தோ, எமில் கான்யான் ஆகிய இருவரும் அழுத்தப்பட்ட காற்றை உருளையில் அடைத்து, தேவைக்கேற்ப மூச்சுக்கு வழங்கும் கருவியை உருவாக்கினர். இதன் வளர்ச்சியே இன்று ஸ்கூபா என வழங்கும் நீரடி மூச்சுக்கருவியாகும். 1947இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் 1960களில் இத்தகைய கருவியை அணிந்து, தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள கடலடியை நேரிற் கண்டு ஆராய்ந்து எழுதினர். மூச்சைத் தம்முடனேயே எடுத்துச் செல்ல இயன்றதனால், நீருக்கடியில் தங்கும் நேரம் நீண்டது. நேரம் நீண்டதனால் செய்யக்கூடிய வேலை பெருகியது. வேலை பெருகியதனால் உடன் செல்லும் கருவிகளும் பெருகின. விளக்கு, கத்தி, திசைகாட்டி, கயிற்று உருளை, மிதவை, எழுதுபலகை, கைக்கணிப்பொறி எனத் துணைக்கருவிகளின் பட்டியல் நீண்டுகொண்டே செல்கின்றது. இவற்றுள் எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது, கொண்டவற்றை உடலில் எங்கே பொருத்துவது என்பன இன்று ஓர் ஒழுங்கான முறையாகவே வளர்ந்துள்ளன. அம்முறையின் அடிப்படைகள் இங்கு விளக்கப்படுகின்றன.

இப்பகுதியில் இதன் தேவை

திருவனந்தபுரம் மாவட்டக் கடலில் நீரடிப் பணிகள் பெருகி வருகின்றன. பொழியூர் முதல் வர்க்கலை வரையுள்ள மீனவ ஊர்களை ஒட்டிய கடலில் செயற்கைப் பார்கள் இடும் திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது. இத்தகைய பார்களில் உயிரினங்கள் குடியேறுவதை அவ்வப்போது நேரிற் காண வேண்டியுள்ளது. அறுந்து போன நைலான் வலைகள் பாறைகளிலும் பார்களிலும் சிக்கிக்கொண்டு, இழுப்பார் இன்றியே மீன்களைக் கொன்றுகொண்டிருக்கின்றன. அவற்றை அகற்றுவதும் மூழ்குவோர் பணியாகும். 2025 மே 25ஆம் நாள், விழிஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரக் கடற்கரை வரை ஒதுங்கின. அக்கப்பல் கிடக்கும் ஆழம் சுமார் 50 மீட்டராகும்.

கடலே அன்றி, ஆறும் மூழ்குவோரை அழைக்கின்றது. கேரளத் தீயணைப்பு மீட்புத் துறையில் நீரடி மூச்சுக்கருவி அணிந்து பணிபுரியும் குழுக்கள் உள்ளன. மழைக்காலத்தில் நெய்யாறு போன்ற ஆறுகள் கலங்கி ஓடும்போது, நீட்டிய கை கூடத் தெரியாத நீரில் இவர்கள் தேடுதல் நடத்த வேண்டியுள்ளது. ஆகவே, களப்பணியாளர்கள் இக்கருவிகளை அறிந்திருப்பது பயனுடையது. கடலோர மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கட்கும் அழுத்தம், மிதப்பு, ஒளி ஆகியவற்றின் விதிகளை விளக்க இவை நல்ல எடுத்துக்காட்டுகளாகும்.

நுட்ப மூழ்கல் என்பது யாது?

பொழுதுபோக்குக்காக மூழ்குவோர் பொதுவாக 40 மீட்டர் ஆழத்தைக் கடப்பதில்லை. இடையூறு நேரின் அவர்கள் நேராக மேலேறி வெளிக்காற்றை அடைய இயலும். இவ்வரம்பைக் கடந்து செல்வதும், மேலேறும் வழியில் குறிப்பிட்ட ஆழங்களில் கட்டாயமாகத் தங்க வேண்டிய அளவுக்கு நீரடியில் நேரம் கழிப்பதும், குகை அல்லது கப்பலின் உட்புறம் நுழைவதும், ஒன்றுக்கு மேற்பட்ட வாயுக்கலவைகளைப் பயன்படுத்துவதும் நுட்ப மூழ்கல் எனப்படும்.

இதன் தன்மையை உணர இரண்டு செய்திகள் போதும். முதலாவது: கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகின்றது. 40 மீட்டரில் மொத்த அழுத்தம் 5 வளிமண்டலமாகும். இரண்டாவது: அழுத்தத்தின்கீழ் நைட்ரஜன் உடலில் மிகுதியாகக் கரைகின்றது. சோடாப் புட்டியைச் சட்டெனத் திறந்தால் நுரை பொங்குவதுபோல, விரைந்து மேலேறுவோரின் குருதியிலும் தசைகளிலும் குமிழிகள் தோன்றும். மூட்டுவலி, முடக்குவாதம், சில வேளைகளில் மரணம் ஆகியவற்றை விளைவிக்கும் இந்நோயைத் தவிர்க்க, படிப்படியாக மேலேற வேண்டும் என்பதை ஜே. எஸ். ஹால்டேன் என்னும் அறிஞர் 1908இல் அட்டவணைகளுடன் நிலைநாட்டினார்.

இதனால், நுட்ப மூழ்கலில் ஈடுபட்டவர்க்கு உடனே மேலேறும் உரிமை இல்லை. தலைக்கு மேல் கற்கூரை இல்லாவிடினும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருப்பதாகவே அவர் கருத வேண்டும். எந்தக் கோளாறாயினும் நீருக்கடியிலேயே, தம்மிடம் உள்ள பொருள்களைக் கொண்டே சரிசெய்துகொள்ள வேண்டும். மேலிருந்து குழாய் வழியே காற்றும் ஒளியும் பேச்சுத் தொடர்பும் பெற்றுப் பணிபுரியும் கப்பல் மீட்புத் தொழிலாளியினின்று இவர் இவ்வகையில் வேறுபடுகின்றார். இவருக்கு வேண்டியவை அனைத்தும் இவர் உடலிலேயே இருத்தல் வேண்டும். துணைக்கருவிகளின் முக்கியத்துவம் இதனாலேயே எழுகின்றது.

ஒவ்வொரு பொருளுக்கும் விலை உண்டு

அங்ஙனமாயின் இயன்ற அளவு மிகுதியாக எடுத்துச் செல்வது நன்றன்றோ எனத் தோன்றலாம். இது தவறு என்பதைக் கணக்கின் மூலம் காணலாம்.

ஒருவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை மூச்சுக்குக் கொள்வதாக வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஐந்து மடங்காதலின், அவர் உருளையிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் செலவழிப்பார். முதுகில் உள்ள 12 லிட்டர் கொள்ளளவுள்ள இரட்டை உருளைகளில் 200 வளிமண்டல அழுத்தத்தில் காற்று நிரப்பினால் மொத்தம் 4800 லிட்டர் கிடைக்கும். குகை மூழ்கலில் தோன்றி இன்று பரவலாக வழங்கும் மூன்றிலொரு பங்கு விதியின்படி, 1600 லிட்டர் செல்வதற்கும், 1600 லிட்டர் திரும்புவதற்கும், எஞ்சிய 1600 லிட்டர் இடருக்கும் ஒதுக்கப்படும்.

இப்போது, அவர் தொடையருகே தளர்வாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு விளக்கு, பாறையில் கிடந்த நைலான் வலையில் மாட்டிக்கொள்கின்றது எனக் கொள்வோம். விடுபடப் போராடும்போது மூச்சு இருமடங்காகும். செலவு நிமிடத்துக்கு 200 லிட்டராகும். ஐந்து நிமிடப் போராட்டம் 1000 லிட்டரை விழுங்கிவிடும். இடருக்கென வைத்திருந்த சேமிப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் இங்ஙனம் போய்விடுகின்றது. வெளிச்சம் தருவதற்காகக் கொண்டுவந்த பொருளே காற்றைப் பறித்துவிட்டது. இடையூற்றுக்குக் காரணம் விளக்கு இருந்தமை அன்று, அது தொங்கிக்கொண்டிருந்தமையே.

தேவையற்ற பொருள் இன்னும் மூவகையில் தீங்கு செய்யும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும்போது தடையைக் கூட்டும். மூழ்குவோரின் மிதப்புச் சமநிலையை மாற்றும். அவசரத்தில் தேவையான பொருளைத் தேடும் கைக்குக் குறுக்கே நிற்கும். 30 மீட்டருக்கும் கீழே அழுத்தத்தின் காரணமாக நைட்ரஜன் மயக்கம் தரத் தொடங்குவதால், தேர்ந்தெடுத்தல் என்னும் எளிய செயலும் அங்கே கடினமாகிவிடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அமெரிக்க நாட்டில் புளோரிடா மாநிலத்துக் குகைகளில் மூழ்குவோரிடையே நேர்ந்த விபத்துகளை ஆராய்ந்து ஷெக் எக்ஸ்லி என்பவர் 1979இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வெளிவாயில் வரை அறுபடாத வழிகாட்டுக் கயிறு, திரும்பி வருவதற்குக் காற்றில் மூன்றில் இரு பங்கு, மீறக்கூடாத ஆழம் ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். முறையான பயிற்சியும் மூன்று விளக்குகளும் பின்னர் இவற்றுடன் சேர்க்கப்பட்டன. அதே மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ஹோகார்த் மெயின் என்பவர், தேவையற்ற எதையும் அணியாத எளிய அமைப்பு முறைக்குப் பெயர் பெற்றவர். இன்றைய நடைமுறையின் வேர்கள் இவ்விருவர் பணிகளிலும் உள்ளன.

தேர்வுக்குரிய வினாக்கள்

ஒரு துணைக்கருவியை எடுத்துக்கொள்ளுமுன் அதனைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இது எந்தக் குறிப்பிட்ட வேலைக்கு, அல்லது எந்தக் குறிப்பிட்ட கோளாற்றுக்கு விடையாகின்றது? இது பழுதானால் உயிருக்கு இடர் உண்டா? இருளில், கண்ணால் காணாமல், இரு கைகளில் எதைக் கொண்டும் இதனை எடுக்கவும் இயக்கவும் முடியுமா?

முதல் வினாவுக்கு விடை இல்லாத பொருளைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டாம் வினாவுக்கு ஆம் என்பது விடையாயின், அப்பொருளில் இரண்டு வேண்டும். வெளிச்சம், வெட்டும் கருவி, ஆழமும் நேரமும் காட்டும் கருவி, முகக்கண்ணாடி ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாம் வினாவுக்கு இல்லை என்பது விடையாயின், அப்பொருளையோ அதன் இருப்பிடத்தையோ மாற்ற வேண்டும்.

வெட்டும் கருவி

திரைப்படங்களில் காணப்படும் நீண்ட உடைவாள் போன்ற கத்தி மூழ்குவோர்க்குப் பயன்படாது. கணைக்காலில் கட்டிய கத்தியின் பிடி, வலையையும் கயிற்றையும் தானே கோத்து இழுக்கும். கால் சிக்கிய வேளையில் கை அவ்விடத்தை எட்டுவதும் அரிது. மழுங்கிய முனையும் ஓரளவு பற்களும் கொண்ட சிறு கத்தியே ஏற்றது. அதனை இடுப்பு வாரின் முன்புறம், வயிற்றுக்கு அருகே, இரு கைகளுக்கும் எட்டும் இடத்தில் உறையுடன் பொருத்துதல் வேண்டும். நைலான் மீன்பிடி நரம்பு நீரில் கண்ணுக்குப் புலப்படாது. இழுக்க இழுக்க இறுகும். தளர்ந்த நரம்பைக் கத்தி எளிதில் அறுக்காது. எனவே இரண்டாவது வெட்டுங்கருவியாக, மருத்துவமனைகளில் கட்டுத்துணி வெட்டப் பயன்படும் வகையான உறுதியான கத்தரியை மேற்பகுதியிலோ பையிலோ வைத்துக்கொள்வது நலம். வலை அகற்றும் பணிக்குச் செல்வோர்க்கு இது இன்றியமையாதது.

விளக்குகள்

கடல்நீர் எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் உள்ளிழுப்பதில்லை. சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் மறைந்துவிடும். ஆழத்தில் குருதியும் சிவப்புப் பாசியும் கருமையாகவே தோன்றும். ஆதலின் பகலிலும், பாறை இடுக்குகளில் உயிரினங்களை இனங்காண விளக்குத் தேவைப்படும். கூரையுள்ள இடங்களுக்குச் செல்வோர் ஒரு முதன்மை விளக்கும் இரண்டு சேமிப்பு விளக்குகளும் கொண்டுசெல்வர். சேமிப்பு விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்து நின்று வெளிவாயில் வரை ஒளி தர வல்லனவாக இருத்தல் வேண்டும். அவற்றை மார்பின் இருபுறத் தோள்வார்களிலும், தலை கீழ்நோக்கி, மேற்புறம் கொக்கியாலும் கீழ்ப்புறம் ரப்பர் வளையத்தாலும் பிணைப்பர். இவ்வாறு இரு முனைகளிலும் கட்டுண்ட விளக்கு எதிலும் மாட்டுவதில்லை. கையைக் கீழே தடவினால் உடனே கிடைக்கும். முன்தலையைத் திருகி எரிய வைக்கும் விளக்கை, இருப்பிடத்திலிருந்து கழற்றாமலே எரியச் செய்து பார்த்துக்கொள்ளலாம்.

கயிற்று உருளையும் மிதவையும்

அலை மிகுந்த கடலில் படகினர் மூழ்குவோரைக் காண்பது அரிது. படியிறக்கத் தங்கலின்போது நீரோட்டம் அவரை வெகுதூரம் கொண்டுசென்றுவிடும். ஆகவே, நீருக்கடியிலிருந்தே ஒரு நீண்ட வண்ணப் பையில் காற்றை ஊதி, கயிற்றின் முனையில் மேலே அனுப்புவர். இதுவே அடையாள மிதவையாகும். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறம் அலைகளிடையே நன்கு தெரியும். கயிற்றின் நீளம், மூழ்கும் ஆழத்தைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும். நீரோட்டத்தில் கயிறு சாய்ந்து செல்லும் என்பதே காரணம்.

இக்கருவியைக் கையாள்வதில் ஒரு பேரிடர் உண்டு. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3 வளிமண்டலம். அங்கே பையில் 3 லிட்டர் காற்றை இட்டால், பாயில் விதிப்படி அது மேலேறுகையில் விரிந்து நீர்மட்டத்தில் 9 லிட்டராகும். அதன் தூக்கு விசை ஏறக்குறைய 3 கிலோகிராமிலிருந்து 9 கிலோகிராமாக வளரும். உருளை சிக்கிக் கயிறு ஓடாமல் நின்று, அவ்வுருளை மூழ்குவோரின் வாரில் கொக்கியால் மாட்டப்பட்டும் இருந்தால், மிதவை அவரையும் மேலே இழுத்துச் செல்லும். மேலேற மேலேற விசை கூடுவதால் தடுத்து நிறுத்துவது கடினம். எனவே, மிதவையை ஊதும் வேளையில் கயிற்று உருளை கையில்தான் இருக்க வேண்டும். உடலில் பிணைத்திருத்தல் கூடாது. சிக்கினால் கைவிட்டுவிடலாம். ஒரு மிதவையும் உருளையும் தொலைவதால் உண்டாகும் இழப்பு சிறிது. இரண்டாவதாக ஒன்று பையில் இருப்பதும் இதற்காகவே.

அளவு கருவிகளும் எழுதுபலகையும்

ஆழம், நேரம், தங்க வேண்டிய படிகள் ஆகியவற்றைக் கணிக்கும் மின்கருவி இன்று மணிக்கட்டிலேயே கட்டிக்கொள்ளும் அளவில் கிடைக்கின்றது. எனினும், மின்கலம் எப்போது வேண்டுமானாலும் தளரலாம். ஆதலின் இரண்டாவது கருவி ஒன்றும், தங்கற் படிகளைப் பென்சிலால் எழுதிய பலகை அல்லது நனையாத தாளிலான குறிப்பேடு ஒன்றும் உடன் இருத்தல் வேண்டும். நீருக்கடியில் பேச்சு இயலாதாகையால், துணைவருக்கு நிலைமையைத் தெளிவாக உணர்த்தவும் எழுத்தே உதவும். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடாமல், குறிப்பேட்டின் உள்ளேயே செருகி வைக்க வேண்டும்.

உருளைகளின் அடையாளச் சீட்டு

துணைக்கருவிகளுள் விலை மிகக் குறைந்ததும், உயிர்காப்பதில் முதன்மை பெற்றதும் அடையாளச் சீட்டாகும். படியிறக்கத்தை விரைவுபடுத்த, பாதியளவு ஆக்சிஜன் உள்ள கலவையையோ தூய ஆக்சிஜனையோ தனி உருளைகளில் பக்கவாட்டில் கொண்டுசெல்வர். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.6 வளிமண்டலத்தைக் கடந்தால் வலிப்பு ஏற்படக்கூடும். நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலுள்ள மூச்சுக்குழாய் நழுவி மரணம் நேரும். 50 விழுக்காட்டுக் கலவையை 21 மீட்டரில் சுவாசித்தால் பகுதி அழுத்தம் 3.1இல் பாதி, அதாவது 1.55 ஆகும், அது வரம்புக்கு உட்பட்டது. அதையே 40 மீட்டரில் தவறிச் சுவாசித்தால் 2.5 ஆகிவிடும். தூய ஆக்சிஜனுக்குரிய எல்லை 6 மீட்டர் மட்டுமே.

ஆகவே, ஒவ்வொரு உருளையிலும் அதனைப் பயன்படுத்தக்கூடிய மிகுந்த ஆழத்தைப் பெரிய இலக்கத்தில், மீட்டரில், அணிந்தவரும் துணைவரும் படிக்கத்தக்க திசையில் எழுதி ஒட்டுவர். வாயு நிரப்பிய பின் அதனைச் சோதித்து, விகிதத்தையும் நாளையும் எழுதுவதும் கடமையாகும். உருளையின் வண்ணத்தை மட்டும் நம்புவது தகாது. ஆழத்தில் வண்ணங்கள் மாறித் தோன்றும்.

கொக்கிகளும் பைகளும்

துணைக்கருவிகளை வாரிலுள்ள உலோக வளையங்களில் மாட்டக் கொக்கிகள் பயன்படுகின்றன. கட்டைவிரலால் பின்னிழுத்துத் திறக்கும் தாழ்க்கொக்கியே பாதுகாப்பானது. மலையேறுவோர் பயன்படுத்தும், உள்நோக்கித் தானே மடங்கித் திறக்கும் வாயுள்ள கொக்கி நீருக்கடியில் ஆகாது. கயிறோ வலையோ அதன்மீது அழுந்தும்போது தானாகவே உள்ளே நுழைந்து பூட்டிக்கொள்ளும். கொக்கி துருப்பிடியாத எஃகினால் ஆனதாகவும், கையுறையுடன் இயக்கத்தக்க அளவினதாகவும் இருத்தல் வேண்டும்.

கொக்கியைக் கருவியுடன் உலோகத்தோடு உலோகமாகப் பிணைத்தல் கூடாது. இடையில் ஒரு மெல்லிய நைலான் கயிற்றை இட்டு முடிச்சிட வேண்டும். உப்பும் மணலும் படிந்து கொக்கி திறவாது போயினும், அக்கயிற்றைக் கத்தியால் அறுத்து விடுபடலாம். இவ்வளவு சிறிய ஏற்பாடு பல இடர்களைத் தவிர்க்கின்றது.

அடிக்கடி தேவைப்படாதவற்றைத் தொடைப் பைகளில் வைப்பது வழக்கம். ஒரு பையில் சேமிப்பு முகக்கண்ணாடியும் குறிப்பேடும், மற்றதில் மிதவையும் கயிற்று உருளையும் எனப் பிரித்துக்கொள்ளலாம். பைக்குள் உள்ள ஒவ்வொரு பொருளையும் உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தில் கொக்கியால் மாட்ட வேண்டும். ஒன்றை எடுக்கும்போது மற்றொன்று நழுவி விழாது. முதலில் தேவைப்படுவது மேலே இருத்தல் வேண்டும். எந்தப் பொருளுக்கு எந்த இடம் என்று ஒருமுறை முடிவு செய்தபின், ஒவ்வொரு மூழ்கலிலும் அவ்விடம் மாறாது காக்கப்பட வேண்டும். குழுவினர் அனைவரும் ஒரே அமைப்பைக் கைக்கொண்டால், ஒருவர் மற்றவரின் கத்தியையோ விளக்கையோ தேடாமலே எடுத்து உதவ முடியும்.

ஆற்றுநீரில் சில மாறுதல்கள்

கலங்கிய ஆற்றில் ஆழம் குறைவாயினும் இடர் குறைவன்று. அங்கு ஒளி பாயாததால் விளக்கின் பயன் சுருங்குகின்றது. சேற்றுத் துகள்கள் ஒளியைத் திருப்பிக் கண்களைக் கூசச் செய்யும். கரையிலுள்ளவர் பற்றிய கயிறே அங்கு முதன்மையான துணைக்கருவி. இழுப்புக் குறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு செய்தி பரிமாறிக்கொள்வர். முத்துக் குளிப்போரின் கயிறும் உதவியாளரும் இங்கு மீண்டும் வந்துவிடுகின்றனர் எனலாம். மரக்கிளை, முள்வேலிக் கம்பி, பழைய வலை ஆகியன ஆற்றடியில் கிடப்பதால், வெட்டுங்கருவிகள் இரண்டும் கட்டாயம் வேண்டும்; ஆழ்கடலுக்குரிய பிற பொருள்கள் பெரும்பாலும் வேண்டா. இடத்துக்கேற்பக் குறைத்தலும் தேர்வின் பகுதியே.

பாதுகாப்பும் பராமரிப்பும்

உப்புநீர் காய்ந்தால் படிகங்கள் கொக்கிகளின் வில்லிலும், விளக்கின் புரிகளிலும் படியும். மூழ்கி வந்தவுடன் எல்லாவற்றையும் நன்னீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். விளக்கின் ரப்பர் வளையத்தில் ஒரு மணலோ ஒரு தலைமயிரோ சிக்கினாலும் நீர் கசியும். ஆக்சிஜன் படும் கருவிகளில் சாதாரண எண்ணெயோ மசகோ தடவுதல் தீவிபத்தை உண்டாக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கடற்கரையில் அலைகள் சீறியெழுவதால், அக்காலத்தைக் கருவிகளைப் பழுதுபார்ப்பதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

இக்கருத்துகளை மாணவர்க்கு விளக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஊசியற்ற மருந்துக் குழலின் வாயை விரலால் மூடி அழுத்தினால், காற்றின் பருமன் குறைவதையும், விட்டவுடன் விரிவதையும் காணலாம். மிதவையின் தூக்கு விசை வளர்வதற்கு இதுவே காரணமாகும். வில் தராசில் ஒரு பூட்டைக் கட்டி, காற்றிலும் நீரிலும் எடை பார்த்தால், ஆர்க்கிமிடிசின் விதி விளங்கும். ஒரு கிலோகிராம் எடையும் 0.6 லிட்டர் பருமனும் உள்ள விளக்கு, கடல்நீரில் ஏறக்குறைய 0.4 கிலோகிராம் எடையே காட்டும் என்று கணக்கிடச் செய்யலாம். நீலப்பச்சைக் கண்ணாடித் தாளின் வழியே சிவப்புத் துணியைப் பார்த்தால், ஆழத்தில் நிறம் மறைவது ஓரளவு புலனாகும்.

நான்காவது சோதனை மாணவர்க்கு மிக உவப்பாக இருக்கும். ஒரு மாணவரின் கண்ணைக் கட்டி, தடித்த கையுறை அணிவித்து, பத்துப் பொருள்கள் கலந்து கிடக்கும் பையிலிருந்து ஒரு கத்தரியை எடுக்கச் சொல்லி நேரத்தைக் குறிக்க வேண்டும். பின்னர் அதே கத்தரியை இடுப்பு வாரின் முன்புறம் உறையில் செருகி, மீண்டும் எடுக்கச் சொல்ல வேண்டும். இரு நேரங்களுக்கும் உள்ள வேறுபாட்டை, நிமிடத்துக்கு 200 லிட்டர் என்னும் மேற்கண்ட கணக்கால் பெருக்கினால், பொருளின் இருப்பிடம் எத்தனை லிட்டர் காற்றுக்குச் சமம் என்பது தெரியவரும்.

இக்கட்டுரை பயிற்சிக்கு மாற்றாகாது. அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரிடம் முறையாகக் கற்று, ஆழமற்ற தெளிந்த நீரில் ஒவ்வொரு கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, இயக்கி, மீண்டும் அதனிடத்தில் வைக்கப் பழகிய பின்னரே ஆழத்துக்குச் செல்லுதல் வேண்டும். சிப்பி குளிக்கும் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள், மூச்சடக்கும் திறன் தமக்கு இருப்பதனாலேயே நீரடி மூச்சுக்கருவியையும் எளிதாகக் கருதக்கூடும். அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிப்பவர் மூச்சை அடக்கியவாறு மேலேறினால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சடக்கி மூழ்குவோர்க்கு இவ்விடர் இல்லாமையால் அவர்கள் இதனை அறிந்திருக்கமாட்டார்கள். கடலோர ஊர்களில் பணிபுரியும் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் கருவிகளைப் பற்றிப் பேசுமுன் இவ்வொன்றை அவர்கட்கு முதலில் எடுத்துரைக்க வேண்டும்.